விஸ்கியை ருசிப்பது நாக்கு அல்ல, மூக்கு! - லேபிளை மறைத்தால் தெரியவரும் உண்மைகள்

2004-ம் ஆண்டு. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட் விஸ்கியை முதன்முதலில் அறிமுகப்படுத்திய ஊர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோன கதைதான்! ஆனால், ஜிம் முர்ரே எழுதும் 'விஸ்கி பைபிள்' வழிகாட்டியின் 2010-ம் ஆண்டுப் பதிப்பில், 'அம்ருத் ஃபியூஷன்' உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாக இடம்பிடித்தது. இந்திய பார்லியும், கரிப்புகை ஏறிய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்ந்து உருவான விஸ்கி அது.

ஊர்ப் பெயரைப் பார்த்து ருசியை முடிவுசெய்கிறவர்களுக்கு இது ஒரு பாடம். பாட்டிலின் வடிவம், விலை, 'ஃபாரின் சரக்கு' என்ற பெயர் எல்லாம் சேர்ந்து, முதல் சொட்டு நாக்கில் படுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு ருசியை மட்டும் ஒப்பிட, வீட்டிலேயே ஓர் எளிய வழி இருக்கிறது.

மூன்று கிளாஸ் சோதனை

உணவுத்துறை ஆய்வகங்களில் இதற்கு முக்கோணச் சோதனை என்று பெயர். ஒரே மாதிரியான மூன்று கிளாஸ்கள். இரண்டில் ஒரே விஸ்கி, மூன்றாவதில் வேறு விஸ்கி. ஊற்றுவது வேறொருவர், எதில் எது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். சோதிப்பவர் கண்டுபிடிக்க வேண்டியது, 'இதில் வேறானது எது?' என்பதை மட்டும்தான்.

குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். எனவே, கிளாஸ்களை இடம் மாற்றி நான்கு முறை செய்ய வேண்டும். நான்கு முறையும் அதிர்ஷ்டத்தால் மட்டுமே சரியாகச் சொல்ல 81-ல் ஒரு வாய்ப்புதான் உண்டு. விலையில் பல மடங்கு வித்தியாசம் உள்ள இரண்டு பாட்டில்களை ஒருவரால் பிரித்தறிய முடியவில்லை என்றால், கூடுதலாகக் கொடுத்த பணம் ருசிக்குப் போகவில்லை, லேபிளுக்குப் போயிருக்கிறது.

நிறத்தையும் நம்பக் கூடாது. ஸ்காட்ச் விஸ்கியிலேயே நிறத்துக்காக கேரமல் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. கிளாஸைச் சுற்றிக் காகிதம் ஒட்டிவிட்டால் கண்ணின் குறுக்கீடு போய்விடும்.

முகர்ந்தாலே போதும்

நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய அடிப்படைச் சுவைகள் மட்டுமே. மற்றதெல்லாம் மணம். ஜலதோஷம் பிடித்தால் ரசம்கூட வெந்நீராகத் தெரிவது அதனால்தான். விஸ்கி நிறுவனங்களின் கலவை நிபுணர்கள் மாதிரிகளைப் பெரும்பாலும் முகர்ந்தே எடைபோடுகிறார்கள். எல்லாவற்றையும் குடித்துப் பார்த்தால் மதியத்துக்குள் வேலையே ஓடாது.

அவர்கள் தண்ணீர் கலப்பதையும் தவறாக நினைப்பதில்லை. ஆல்கஹால் சுமார் 20 சதவிகிதமாகும் அளவுக்கு நீர் சேர்த்து முகர்வது அங்கே வழக்கம். அதாவது, ஏறக்குறைய ஒரு பங்கு விஸ்கிக்கு ஒரு பங்கு தண்ணீர். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் கணினி மாதிரி மூலம் இதற்கான காரணத்தை விளக்கினார்கள். புகைமணம் தரும் குவாயகால் என்ற பொருள், தண்ணீர் சேர்ந்ததும் திரவத்தின் மேற்பரப்பை நோக்கி வருகிறது என்பது அவர்களின் முடிவு. ஐஸ் போட்டால் இதற்கு நேர்மாறு. குளிர்ச்சியில் மணம் அடங்கிப்போகும்.

வாய் குறுகிய கிளாஸாக இருந்தால் மணம் உள்ளேயே தங்கும். அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட் எதுவும் இருக்கக் கூடாது. வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்தால் ஆல்கஹாலின் காட்டம் குறையும்.

மணத்தைச் சொல்ல ஆங்கிலப் பட்டியல் தேவையில்லை. வாழைப்பழ வாசனை வந்தால், அது நொதிக்கும்போது உருவாகும் எஸ்டர். வெனிலாவும் தேங்காயும் ஓக் மரப் பீப்பாய் தந்தவை. உலர்திராட்சை வாசனை ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயிலிருந்து வந்திருக்கலாம். விறகடுப்புப் புகை போலிருந்தால், பீட் எனும் சதுப்புநிலக் கரியை எரித்து பார்லியை உலர்த்தியிருக்கிறார்கள்.

வயதும் பெயரும்

'12 ஆண்டுகள்' என்று ஸ்காட்ச் பாட்டிலில் இருந்தால், அதில் கலந்துள்ளவற்றில் மிக இளைய விஸ்கியின் வயது அது. ஆனால், வயதை வைத்து இரண்டு ஊர்களை ஒப்பிட முடியாது. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் இது ஆண்டுக்கு சுமார் 2 சதவிகிதம். பெங்களூரில் 10 முதல் 12 சதவிகிதம். 11 சதவிகிதம் என்றே வைத்துக்கொண்டாலும், 10 ஆண்டுகளில் 100 லிட்டரில் மிஞ்சுவது சுமார் 31 லிட்டர். ஸ்காட்லாந்தில் 80 லிட்டருக்கு மேல் மிஞ்சும். நம் வெயிலில் விஸ்கி சீக்கிரம் முதிர்வதால், குறைந்த வயது இங்கே குறையல்ல.

பெயரை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, விஸ்கி என்றால் தானியத்திலிருந்து வடித்திருக்க வேண்டும். மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். இந்தியாவில் மலிவாக விற்கும் பல விஸ்கிகளின் அடிப்படை, கரும்பாலைக் கழிவுப்பாகான மொலாசஸிலிருந்து எடுத்த சாராயம்தான். அவற்றை விஸ்கி என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்க முடியாது.

அளவு முக்கியம்

இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி போன்ற ஒன்றை இதற்கெனத் தனியாக வைத்துக்கொண்டால், 5 மில்லியைத் துல்லியமாக எடுக்கலாம். நான்கு மாதிரிகள் என்றாலும் மொத்தம் 20 மில்லிதான். 42.8 சதிவிகித விஸ்கியில் இது சுமார் 7 கிராம் ஆல்கஹால். ஒரு குவாட்டரில், அதாவது 180 மில்லியில், இருப்பது சுமார் 61 கிராம்! முகர்ந்துவிட்டுக் கொட்டினால் அந்த 7 கிராமும் உடலுக்குள் போகாது.

இது 'அளவாகக் குடித்தால் நல்லது' என்று சொல்வதற்கான கணக்கு அல்ல. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள், மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்கள், வண்டி ஓட்ட வேண்டியவர்கள் இந்தச் சோதனைப் பக்கமே வர வேண்டாம். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

குடிக்காதவர்கள் இதற்காகப் புதிதாகத் தொடங்கவும் தேவையில்லை. அதே மூன்று கிளாஸில் சிக்கரி கலந்த காபியையும் கலக்காத காபியையும் ஊற்றி, வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்கலாம். 'எங்க வீட்டு காபியை ஒரு வாய் வெச்சாலே சொல்லிடுவேன்' என்பவரின் நான்கு பதில்களையும் மறக்காமல் எழுதிவையுங்கள்!