படங்கள் யாவும் வந்து சேர்ந்தனவா?

பாடசாலை அதிபராக இருப்பவர் எவரும் பரீட்சைக் காலத்தில் ஒரு காரியத்தை மறவாது செய்வர். விடைத்தாள்களைக் கட்டி முத்திரையிடுமுன், வரவுப் பதிவிலுள்ள சுட்டெண்களோடு அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பு நோக்குவர். கட்டு பருமனாக இருக்கிறது என்பதனால் அது நிறைவானது என்று எவரும் கொள்வதில்லை. 40 பேர் எழுதிய மண்டபத்திலிருந்து 39 தாள்கள் போய்ச் சேர்ந்தால், வரவுப் பதிவைக் காணாத ஒருவருக்கு அக்குறை தெரியாது. தாள் தன் வாயால் ‘நான் வரவில்லை’ என்று சொல்லுமா? இல்லாத பொருள் மௌனமாகவே இருக்கும்.

இந்த உண்மை பரீட்சை மண்டபத்துக்கு மட்டும் உரியதன்று, வைத்தியத்துக்கும் உரியது. சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையாருக்கு மார்பில் ஸ்கான் எடுக்கப்பட்டது. படங்கள் எடுத்த இடம் ஒன்று. அவற்றைப் பார்த்த நிபுணர் இருந்த இடம் வேறொன்று. அந்நிபுணர் முதலிற் கூறியது நோயைப் பற்றியதன்று. “இவை முழுவதுமல்ல; நுரையீரலின் அடிப்பகுதியைக் காணோம்” என்றார். படங்கள் மறுபடியும் அனுப்பப்பட்டன. சிகிச்சைக்கு வேண்டிய விடை, பிந்தி வந்த அப்படங்களிலேயே இருந்தது. முன்னவற்றை மட்டும் பார்த்து ‘நோயொன்றுமில்லை’ என அவர் எழுதியிருந்தால், அவ்வெழுத்திற் பொய் இராது; ஆயினும் அது எங்களை ஏமாற்றியிருக்கும். அன்று தொட்டு இவ்விடயத்தை அறிந்துகொள்ள முயன்றேன். அறிந்தவற்றை நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

1895 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜேர்மானிய அறிஞர் றொன்ஜன் ஊடுகதிரைக் கண்டுபிடித்தார். அக்காலத்திலும், அதன்பின் பல்லாண்டுகளாகவும், படமென்பது கையில் எடுத்துப் பார்க்கத்தக்க ஒரு பொருளாக இருந்தது. உறையில் இரண்டு படங்கள் இருந்தால் இரண்டென எண்ணிக்கொள்ளலாம். 1971 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி, இலண்டனில் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த சீ.ரி. ஸ்கான் இயந்திரத்தினால் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை படமாக்கப்பட்டது. உடலைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பது போன்ற படங்கள் அன்று பிறந்தன. இன்று மார்பு ஸ்கான் ஒன்றில் இத்தகைய படங்கள் பல நூறு இருத்தல் சாதாரணம். ஒரு படத்தில் நீளத்தில் 512, அகலத்தில் 512 என 2,62,144 புள்ளிகள் அமைவது வழக்கம். 500 படங்களாயின், அவை ஏறக்குறைய 250 மெகாபைட் அளவாகும். இவற்றைக் கையால் எண்ணுவதெங்ஙனம்?

வெவ்வேறு கம்பனிகள் செய்த இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பொதுமொழி ஒன்று வேண்டியிருந்தது. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியும், அந்நாட்டு மின்பொருள் உற்பத்தியாளர் சங்கமும் கூடி 1985 இல் அதற்கொரு நியமத்தை வெளியிட்டன. அது 1993 இல் திருத்தமுற்று ‘டைகொம்’ என்னும் பெயரைப் பெற்றது. அந்நியமப்படி ஒரு நோயாளிக்கு ஒரு வேளையிற் செய்யும் பரிசோதனை ஓர் ‘ஆய்வு’. ஆய்வுக்குள்ளே பல ‘தொடர்கள்’. தொடருக்குள்ளே தனித்தனிப் படங்கள். புத்தகம், அத்தியாயம், பக்கம் என வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும், உலகில் வேறெதற்கும் இல்லாத, எண்ணும் புள்ளியுமாக அமைந்த ஓர் அடையாளம் உண்டு.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. புத்தகம் கட்டாக அனுப்பப்படுவதில்லை. பக்கம் பக்கமாகவே அனுப்பப்படுகின்றது. ஒவ்வொரு பக்கம் சேரும்போதும் ‘பெற்றேன்’ என்ற மறுமொழி போகின்றது. ஆனால், ‘இதுவே கடைசிப் பக்கம்’ என்று சொல்லும் குறி எதுவும் அவற்றோடு வருவதில்லை. இணைப்பு முடிந்துவிட்டது என்பதும் சான்றாகாது. ஓர் ஆய்வே பல இணைப்புகளில் வரக்கூடும். படமெடுத்தவர் சிறிது நேரஞ் சென்று, மெல்லிய வெட்டுகளாக இன்னுமொரு தொடரை ஆக்கி அனுப்புதலும் உண்டு.

ஆகவே பெறுமிடத்திலுள்ள கணினிகள் பல, ஓர் எளிய உபாயத்தைக் கைக்கொள்கின்றன. குறித்த சில நிமிடங்கள் புதிய படம் எதுவும் வராவிட்டால், ஆய்வு முடிந்ததெனக் கொள்கின்றன. வாயிலிற் சிறிது நேரம் எவரும் வராததால் பிள்ளைகள் யாவரும் வந்துவிட்டனர் என்று கதவைச் சாத்துவதற்கு ஒப்பானது இது. பெரும்பாலும் சரியாகும், வீதியில் வெள்ளம் வந்த நாளிற் பிழைத்துவிடும்.

இதனிலும் மேலான வழி, படங்களின் இடத்தை நோக்குவது. உடலின் எவ்விடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது ஒவ்வொரு வெட்டுப்படத்திலும் எழுதப்பட்டிருக்கும். ஒரு மில்லிமீற்றருக்கு ஒன்றாக வந்த வரிசையில் ஓரிடத்தில் மாத்திரம் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி காணப்பட்டால், அங்கே ஒரு படம் தவறியிருக்கலாமென்று ஐயுறலாம். எனினும் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. நடுவே விழுந்த இடைவெளியை இது காட்டும். முனையில் அறுந்ததைக் காட்டாது. என் தமக்கையாரின் படங்கள் அறுந்தது முனையிலேதான். உடலமைப்பை அறிந்த நிபுணரின் கண்ணே அதனைக் கண்டது.

அப்படியாயின் உறுதியான வழி யாது? அனுப்பியவரின் பட்டியலோடு ஒப்பிடுவதே. இந்த ஆய்வில் எத்தனை படங்கள் உள்ளன என்று ஒரு கணினி மற்றொன்றை வினவலாம். ஆயினும் எண்ணிக்கை ஒத்திருப்பது மட்டும் போதாது. 40 தாள்கள் இருக்கவேண்டிய கட்டில், ஒன்று தவறி, வேற்று மண்டபத்துத் தாளொன்று புகுந்திருந்தாலும் தொகை 40 தானே? ஆதலின் சுட்டெண்ணைப் பார்ப்பது போல, ஒவ்வொரு படத்தின் அடையாளத்தையும் பார்த்தல் வேண்டும். இதற்கு டைகொம் நியமம் இரு ஒழுங்குகளை வகுத்துள்ளது. ஒன்று, ஸ்கான் இயந்திரம் தான் ஆக்கிய படங்களின் பட்டியலை வேலை முடிந்ததும் அறிவித்தல். மற்றது, இயந்திரம் அப்படங்களின் பட்டியலைக் காட்டி, ‘இவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்கிறீரா?’ எனக் களஞ்சியத்தைக் கேட்டல். களஞ்சியம் ஏற்றவை இவை, ஏற்காதவை இவை எனப் பிரித்து விடை கூறும். அவ்விடை வரும்வரை மூலப் படங்களை அழியாது வைத்திருத்தலே நன்முறை. இவ்வொழுங்குகள் நியமத்தில் இருந்தும், எல்லா இயந்திரங்களும் இவற்றைக் கைக்கொள்வதில்லை என்பதே குறை.

நோயாளரும் உறவினரும் இதிற் செய்யத்தக்கது யாதுமில்லையோ? உண்டு. படங்களைத் தட்டிற் பெற்று வேறு வைத்தியரிடம் கொண்டுசெல்வோர், தொடர்கள் எத்தனை, படங்கள் எத்தனை என்பதை எடுத்த இடத்திலேயே கேட்டு எழுதி வாங்குதல் நன்று. தட்டினுள்ளே ஓர் அட்டவணை இருக்கும். அது தட்டில் உள்ளவற்றையே கூறும், எடுக்கப்பட்டவை யாவையும் கூறாது என்பதை நினைவிற் கொள்க. காகிதத்திற் குறித்த அந்த இரண்டு எண்களையும் பார்க்கும் வைத்தியரிடம் கொடுத்து, “இவை யாவும் தங்களிடம் வந்தனவா?” என்று பணிவோடு கேட்கலாம். நல்ல வைத்தியர் இக்கேள்விக்குச் சினங்கொள்ளார்.

‘நோய் காணப்படவில்லை’ என்னும் வாக்கியம் ‘நோய் இல்லை’ என்னும் பொருளைப் பெறுவதற்கு, பார்க்கவேண்டியவை எல்லாம் பார்க்கப்பட்டிருத்தல் வேண்டும். நூற்றுக்கணக்கான படங்களுக்கிடையே தவறிய ஒன்று சிறியதுதான். ஆனால், எந்தப் பிள்ளையின் தாள் தவறியதோ, அந்தப் பிள்ளைக்கு அது ஒன்றே முழுப் பரீட்சை அன்றோ?