உங்களுக்குத் தெரியுமா? நல்ல ஏரியா, கெட்ட ஏரியா

சேலத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று. அடுத்த கேள்வி, "ஏரியா எப்படிங்க?" டீக்கடையில் இதற்கு ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். அந்த ஒரு சொல்லை நம்பி வீட்டை எடுப்பதற்கும் விடுவதற்கும் முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

ஒரே சேலம், இரண்டு கணக்கு
சேலம் மாநகரக் காவல் 1997-ல்தான் ஆணையர் தலைமையில் தனியாக வந்தது. அஸ்தம்பட்டி, அழகாபுரம், அம்மாபேட்டை, கிச்சிப்பாளையம், சூரமங்கலம், செவ்வாய்ப்பேட்டை எல்லாம் ஆணையர் எல்லை. ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி பக்கம் எஸ்.பி. எல்லை. குற்றப் புள்ளிவிவரமும் மாநகரம், மாவட்டம் என்று இரண்டு வரியாகவே அச்சாகிறது. அதே 1997-ல், ஜனவரி 1 அன்று, நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. "முன்னெல்லாம் சேலத்தில் இவ்வளவு கேஸ், இப்போது இவ்வளவு" என்று யாராவது சொன்னால், எந்தச் சேலம் என்று கேளுங்கள்.

பட்டியலில் நம்ம ஊர் ஏன் இல்லை?
தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பெருநகரங்களுக்கென்று வெளியிடும் பட்டியலில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 19 நகரங்கள் மட்டுமே இடம்பெறும். தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 8.29 லட்சம். "பாதுகாப்பான நகரம்" என்று செய்தி வரும்போது சேலத்தின் பெயர் இல்லாததற்குக் காரணம் இதுதான். நம் ஊரை யாரும் ஒப்பிட்டே பார்க்கவில்லை.

வழக்கு கூடினால் குற்றம் கூடியதா?
குற்றம் அதிகரிப்பது வேறு, வழக்குப் பதிவு அதிகரிப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று அந்தக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. புகார் கொடுக்க வந்தவரை உட்காரவைத்து எழுதி வாங்கும் காவல் நிலையத்தில் எண்ணிக்கை கூடும். "பார்த்துக்கலாம், போங்க" என்று அனுப்பும் நிலையத்தில் குறையும். காகிதத்தில் இரண்டாவது ஊர்தான் அமைதியாகத் தெரியும்.

ஒரு வழக்குக்கு ஒரு புள்ளி
ஒரே வழக்கில் கொள்ளையும் கொலையும் இருந்தால், புள்ளிவிவரத்தில் அது கொலையாக மட்டும் ஏறும். ஒரு வழக்கில் எத்தனை குற்றம் இருந்தாலும் மிகக் கடுமையானது மட்டுமே எண்ணப்படும் என்பது விதி.

பஸ் ஸ்டாண்டுக்கு ஏன் கெட்ட பெயர்?
குற்ற விகிதம் என்பது ஒரு லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்ற கணக்கு. அந்த ஒரு லட்சத்தில் எண்ணப்படுபவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். புதிய பேருந்து நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்போர் கொஞ்சம். தினமும் வந்து போகிறவர்களோ ஏராளம். ஓமலூர்க்காரரின் பர்ஸ் அங்கே தொலைந்தால் வழக்கு அந்தப் பகுதியின் கணக்கில் ஏறும். ஓமலூர்க்காரரின் தலையை அங்கே யாரும் எண்ணுவதில்லை. லீ பஜார் போன்ற சந்தைப் பகுதிக்கும் இதே நியாயம்தான்.

முதல் குற்ற வரைபடம் சொன்னது
1829-ல் பிரான்சில் கெர்ரி, பால்பி என்ற இருவர் நாட்டுப் படத்தில் குற்றங்களை நிறமடித்துக் காட்டினார்கள். அடிதடி, கொலை மிகுந்த பகுதி வேறாகவும், திருட்டு மிகுந்த பகுதி வேறாகவும் இருந்தது. படிப்பறிவு கூடிய வடபகுதியில்தான் திருட்டு அதிகம். அடிதடி இல்லாத தெருவில் பூட்டு உடையலாம். சண்டைச் சத்தம் கேட்கும் தெருவில் சைக்கிள் பத்திரமாக நிற்கலாம். "எந்தக் குற்றம்?" என்று கேட்காமல் ஏரியாவுக்கு மார்க் போடக் கூடாது.

மக்களையே குற்றவாளி என்று எழுதிய சட்டம்
பிறந்த குலத்தைவைத்தே மனிதரைக் குற்றவாளியாகப் பதிவு செய்தது குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல் வடக்கே தொடங்கி, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சேலம் பகுதியின் குறவர் சமூகங்களும் அதில் சிக்கின. பொதிமாட்டில் உப்பு கொண்டுபோய் விற்றுப் பிழைத்தவர்களின் தொழிலை ரயில் பறித்தது. அரசாங்கம் அவர்கள் நெற்றியில் திருடர் என்று எழுதியது. 1947-ல் சென்னை மாகாணம் இச்சட்டத்தை நீக்கியது. அந்த ஆண்டு உள்துறை அமைச்சராக இருந்தவர், இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் குமாரமங்கலம் ஜமீனின் ப. சுப்பராயன். நாடு முழுவதும் ஒழிந்த நாள் 1952 ஆகஸ்ட் 31. "அந்த ஆளுங்க இருக்கிற ஏரியா" என்று இன்றும் ஒருவர் சொன்னால், செத்த சட்டம் அவர் வாயில் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

ஏரியா இல்லை, மூலை
அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை முகவரி வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1989-ல் வெளியான முடிவு: மொத்த முகவரிகளில் சுமார் 3 சதவீதத்திலிருந்தே பாதி அழைப்புகள். மோசமான பகுதி என்று பெயர் வாங்கிய இடங்களிலும் பெரும்பாலான வீடுகள் அமைதியாகவே இருந்தன. ஒரு கடை, ஒரு திருப்பம், ஒரு பாழடைந்த கட்டடம் முழுப் பகுதியின் பெயரையும் கெடுத்துவிடும்.

முதல் மதுவிலக்கு நம் மாவட்டத்தில்
1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். நாமக்கல், தருமபுரி எல்லாம் அப்போது அதற்குள் அடக்கம். அதே மண்ணில் இன்று மதுக்கடைகள் இருக்கின்றன. பெண்களிடம் "எந்த வழி பயம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஏரியா பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அந்தக் கடை இருக்கிற ரோடு" என்பார்கள்.

தறிச் சத்தமும் ஒரு காவல்
தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள்தான் தெருவின் காவல் என்று 1961-ல் எழுதினார் அமெரிக்க நகரியல் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ். அம்மாபேட்டை, குகை பக்கத்துத் தறிச் சந்துகளில் ராத்திரி பதினொரு மணிக்கு நடந்தால் அது புரியும். உள்ளே தறி ஓடிக்கொண்டிருக்கும். திண்ணையில் ஒரு பாட்டி நூல் சுற்றிக்கொண்டிருப்பார். புது முகம் நுழைந்தால் கை நிற்காது, கண் மட்டும் நிமிரும்: "யாரைப் பார்க்கணும் சாமி?" உயர்ந்த மதிலும் பூட்டிய கேட்டுமாக நீளும் புது நகரில் அப்படிக் கேட்க ஆள் இல்லை.

நாமக்கல்லின் பூட்டிய வீடுகள்
லாரி லோடு ஏற்றிப் போனால் வீட்டுக்காரர் திரும்ப வாரக்கணக்கு ஆகும். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி வடக்கே போனால் மாதக்கணக்கு. வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால், இரவு ரோந்தில் உங்கள் வீட்டையும் பார்ப்பார்கள். வங்கி, ஏடிஎம் வாசலில் கயிற்றில் தொங்கும் சின்ன நோட்டைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் பட்டா புத்தகம். ரோந்து வரும் காவலர் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடுவார். கடைசிக் கையெழுத்து எந்தத் தேதி என்று பார்த்தாலே அந்த ஏரியாவின் காவல் புரிந்துவிடும்.

பெயர் ஓரிடம், குற்றம் வேறிடம்
2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து சென்னை எழும்பூர் போன ரயிலில் ரிசர்வ் வங்கிக்கான 342 கோடி ரூபாய் இருந்தது. கூரையில் துளை போட்டு 5.78 கோடியை எடுத்துவிட்டார்கள். பெயர் சேலம் ரயிலுக்கு. கூரை அறுபட்டதோ சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே என்றது விசாரணை. 2024 செப்டம்பர் 27 அன்று, திருச்சூரில் மூன்று ஏடிஎம்களை உடைத்த கும்பல், காரைக் கன்டெய்னர் லாரிக்குள் ஒளித்துவைத்து வந்து நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம் அருகே பிடிபட்டது. நாமக்கல் பெயர் அன்று நாடெங்கும் அடிபட்டது. அந்தப் பணம் நாமக்கல்லில் திருடு போனதல்ல.

விளக்கு எரிந்தால்
நியூயார்க்கில் 2016-ல் அரசுக் குடியிருப்புகள் சிலவற்றில் கூடுதல் விளக்குக் கம்பங்கள் வைத்துச் சோதித்தார்கள். இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. உங்கள் தெருவில் எரியாத விளக்குக்கு மாநகராட்சியில் புகார் கொடுப்பதும் குற்றத்தடுப்பு வேலைதான்.

எஃப்.ஐ.ஆரை நீங்களே படிக்கலாம்
உச்ச நீதிமன்றத்தின் 2016 செப்டம்பர் 7 உத்தரவுப்படி, பாலியல் வழக்கு போன்ற சில தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டப்படி, எந்த எல்லையில் நடந்த குற்றத்துக்கும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சங்கிலிப் பறிப்பு போன்றவற்றுக்குத் தனிப் பிரிவே வந்துவிட்டது: பாரதிய நியாய சன்ஹிதா 304. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இணைய மோசடிக்கு 1930.

வீடு பார்க்கும் நேரம்
புரோக்கர் எப்போதும் காலை பத்து மணிக்குத்தான் வீட்டைக் காட்டுவார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரவு பத்து மணிக்கு ஒருமுறை தனியாகப் போய் வாருங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரை நடந்து, எத்தனை விளக்கு எரிகிறது, எத்தனை கடை திறந்திருக்கிறது என்று எண்ணுங்கள். யாராவது உங்களை நிறுத்தி, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். நாளை உங்கள் வாசலில் நிற்கும் அந்நியரிடமும் அவர் அதையேதான் கேட்பார்.