பட்டியலில் யார் பேர்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கடல் ஊருக்குள் புகுந்ததில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தமிழகத்தின் சுனாமி சாவில் ஏறக்குறைய முக்கால் பங்கு இது. நாகூர் தர்கா தன் இடத்தைத் திறந்துவிட்டது. ஓடி வந்தவர்களிடம் சாதி, மதம் கேட்கவில்லை. அடக்கம் செய்யும்போதும் கேட்கவில்லை.

பின்னாலேயே லாரிகள் வந்தன. மூட்டை மூட்டையாகப் பழைய துணி. கிழக்குக் கடற்கரை வெயிலில் யார் போட்டுக்கொள்வார்கள் என்று தெரியாத கம்பளிச் சட்டைகூட அதில் இருந்தது. எடுக்க ஆளில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்தது. கொடுத்தவர்களின் மனசு நல்ல மனசுதான். என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வளர்ச்சிப் பணியில் 'உரிமை சார்ந்த அணுகுமுறை' என்று சொல்லப்படுவது இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. வளர்ச்சி ஓர் உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 1986இல் பிரகடனம் செய்தது. 2003இல் ஐ.நா. அமைப்புகள் இதற்கென ஒரு பொது வரையறைக்கு வந்தன. சுருக்கமாகச் சொன்னால், வரிசையில் நிற்பவர் பயனாளி அல்ல, உரிமை உடையவர். எதிரே உட்கார்ந்திருப்பவர் கொடையாளி அல்ல, கடமைப்பட்டவர். எனவே, 'எனக்கு ஏன் இல்லை?' என்று கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு அந்தக் கேள்வி நிவாரணப் பட்டியலில் போய் முட்டியது. மீனவக் கிராமங்களில் நிவாரணம் பெரும்பாலும் பாரம்பரிய ஊர்ப் பஞ்சாயத்து வழியாகப் போனது. வேகமாகப் போய்ச் சேர்ந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமில்லை. கட்டுமரம், வள்ளம், ஃபைபர் படகு எல்லாம் கணக்கில் ஏறின. மீன் கூடையைத் தலையில் சுமந்து விற்ற பெண்ணின் பிழைப்புக்கு, தொடக்கத்தில் அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. உப்பு ஏறிய வயலில் கூலி இழந்த தலித் தொழிலாளியும் இருளரும் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். 'கடலுக்குப் போகிறவனுக்குத்தானே சுனாமி' என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்தது. மனித உரிமை அமைப்புகளும் தலித் அமைப்புகளும் ஊர் ஊராகப் போய் இதைப் பதிவு செய்தன.

நாகையில் 2005 ஜனவரியிலேயே தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்க ஒரு மையம் அமைந்தது. சினேகா என்ற தொண்டு நிறுவனம், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆகியவை அதை நடத்தின. யாருக்கு என்ன தேவை, எந்த ஊர் விடுபட்டது என்று விசாரித்துச் சொல்லும் வேலை. என்னைக் கேட்டால், லாரி லாரியாக வந்த சரக்கைவிட அந்த விசாரிப்புக்கே மதிப்பு அதிகம். அதே ஆண்டு மார்ச்சில் வந்த அரசாணை, புது வீட்டை மனைவி, கணவன் இருவர் பேரிலும் பதிய வேண்டும் என்றது. குடித்துவிட்டு வருகிற புருஷன் இனி தனியாக அந்த வீட்டை விற்க முடியாது.

அடுத்த புயலுக்கும் ஒரு பட்டியல் எழுதுவார்கள். உங்கள் வார்டில் யார் பேர் விடுபட்டது என்று கேளுங்கள். 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டப்படி மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.