சுழல் துப்பாக்கியும் குறிபிழைப்பும்

குறி தப்பியபோது கருவியைக் குறைகூறுதல் சுட்டவன் இயல்பு. சுட்டவனைக் குறைகூறுதல் பார்த்து நின்றோர் இயல்பு. இரண்டும் ஆராயாது வழங்கும் தீர்ப்புகளே. காரணத்தை முறைப்படி தேடிக் காண்பது எவ்வாறு என்பதற்கு, றிவோல்வர் என வழங்கும் சுழல் துப்பாக்கி மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். ஏனைய துப்பாக்கிகளில் தோட்டா இருக்கும் அறையும் குண்டு செல்லும் குழலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இதிலோ, ஆறு அறைகளையுடைய உருளையொன்று குழலின் பின்னே சுழன்று, ஒவ்வொரு முறையும் வேறோர் அறையைக் குழலின் வாயோடு பொருத்துகின்றது. எனவே ஒரு கருவி என நாம் எண்ணுவது உண்மையில் ஒரே குழலைப் பங்கிட்டுக்கொள்ளும் ஆறு துப்பாக்கிகளாகும்.

நமது மலைநாட்டுக்கும் சுடுகலன்களுக்கும் உள்ள தொடர்பு நீண்டது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சேர் சாமுவேல் பேக்கர், 21 இறாத்தல் நிறையுள்ள புரிக்குழல் துப்பாக்கியைத் தோளிற் சுமந்து யானை வேட்டையாடியவர். 1854இல் வெளியான தம் வேட்டை நூலிற் குழலின் இயல்பு பற்றியும் விரிவாக எழுதினார். கோப்பி அழிந்து தேயிலை தழைத்த பின்னர், 1900ஆம் ஆண்டில் தோட்டத்துரைமாரைக் கொண்டே ஒரு துப்பாக்கிப் படை அமைக்கப்பட்டது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படை 1949இற் கலைக்கப்பட்டது. பிரித்தானியப் படை அதிகாரிகள் பெரும்பாலும் இடையிற் செருகியது வெப்ளி என்னும் சுழல் துப்பாக்கி. 1915இல் ஏற்கப்பட்ட அதன் ஆறாம் வகை, .455 அங்குலத் தோட்டாவும் 6 அங்குலக் குழலும் உடையது. அதனையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முதலிற் செய்யவேண்டியது பழுதுபார்ப்பு அன்று, அளவீடு. உருளையின் ஆறு அறைகளுக்கும் இலக்கமிட்டு, மணல்மூட்டையிற் கையைத் தாங்கவைத்து, 25 யார் தூரத்திலுள்ள தாளில் ஒரே வகைத் தோட்டாவாற் சுடுதல் வேண்டும். எந்தத் துளை எந்த அறையினது எனக் குறித்துக்கொள்ளவேண்டும். துளைகள் நெருங்கி ஓரிடத்திற் கூடியும் அவ்விடம் குறிக்கு விலகியும் இருப்பின், கருவி நலமாக உள்ளது, குறிகாட்டியே பிழை என்க. துளைகள் தாளெங்கும் சிதறின் நோய் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் அரத்தைக் கையிலெடுப்போர் பலர்.

குறிகாட்டியின் பிழையை வடிவொத்த முக்கோணங்களைக் கற்ற எந்த மாணவனும் கணித்துவிடலாம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத்தூரம் 7 அங்குலம் எனக் கொள்க; 25 யார் என்பது 900 அங்குலம். குண்டுகள் 4 அங்குலம் தாழ்வாகப் படின், முன்குறியைக் குறைக்கவேண்டிய அளவு 4 x 7 / 900, அதாவது ஏறத்தாழ 0.03 அங்குலம். தாழப்படும்போது முன்குறியைக் குறைப்பதா எனச் சிலர் ஐயுறுவர். முன்குறி குட்டையாயின், அதனைப் பின்குறியோடு நேர்ப்படுத்தக் குழலின் முனையை உயர்த்தவேண்டியிருக்கும். ஆகவே குண்டும் உயரும். தோட்டாவை மாற்றினாலும் இவ்விடம் மாறும். பாரமான குண்டு தாழ விழும் என்பதே நம் எண்ணம்; சுழல் துப்பாக்கியில் நடப்பதோ மறுதலை. மெல்லச் செல்லும் பாரமான குண்டு குழலை விட்டு நீங்குமுன் பின்னுதைப்பினாற் குழல்முனை எழுந்துவிடுகின்றது. அதனாற் குண்டு மேலே படுகின்றது.

இனிச் சிதறலுக்கு வருவோம். ஓர் அறையின் குண்டு மட்டும் எப்பொழுதும் விலகின், அவ்வறை குழலோடு நேராகப் பொருந்தவில்லை, அல்லது அதன் வாய் அளவிற் பிழைத்தது என்பது பெறப்படும். ஆறும் சிதறின், குண்டுக்கும் குழலுக்கும் உள்ள பொருத்தத்தை ஆராய்க. வெப்ளியில் இது சுவையான செய்தி. பல வெப்ளிகளில் அறையின் வாய், குழலின் தவாளிப்பு அளவைவிடச் சற்றே ஒடுங்கியது. அதற்கென வார்த்த ஈயக்குண்டின் அடி குழிவானது. வெடிவாயுவின் அமுக்கத்தால் அக்குழி விரிந்து, குண்டு தவாளிப்பை நிறைத்துப் புரியைப் பற்றிக்கொள்ளும். அடி தட்டையான, வன்மை மிக்க குண்டை இட்டால் அது விரியாது. புரியைப் பற்றாது வழுக்கிச் செல்லும். தாளில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை காணப்படின், குண்டு பறக்கையிற் புரண்டது என்பதற்கு அதுவே சாட்சி. பரிகாரம் உரிய குண்டை இடுவதேயன்றிக் குழலை மாற்றுவதன்று.

குழலின் பின்வாயில் ஈயம் படிதல், உருளையைத் தடுத்து நிறுத்தும் தடுக்கு தேய்தல், குழல்முனையின் விளிம்பு நசுங்குதல் ஆகியனவும் சிதறலுக்கு ஏதுவாம். வெப்ளி நடுவே மடிந்து திறப்பது. ஆதலால் அதன் கீலும் மேற்கொளுவியும் தளர்ந்தால், குழல் ஒவ்வொரு வெடிக்கும் வெவ்வேறு நிலையில் அமரும். தோட்டா இல்லாதபோது குழலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் இது புலனாகும்.

மலைநாட்டுக்கே உரிய நோய் ஒன்றுண்டு. 6,000 அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவிலும், மழையும் மூடுபனியும் ஓயாத அட்டன் பக்கத்திலும் இரும்பு இயல்பாகவே துருவேறும். பழைய தோட்டாக்களின் தீமூட்டியிற் பொற்றாசியங் குளோரேற்று இருந்தது. வெடித்தபின் அது பொற்றாசியங் குளோரைட்டாகக் குழலிற் படியும். கறியுப்பைப் போன்ற இவ்வுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். எண்ணெய் பூசினாற் போதும் என்று நம்பியோரின் குழல்கள் எண்ணெய்க்கு அடியிலேயே அரிபட்டன. ஏனெனில் உப்பு எண்ணெயிற் கரைவதில்லை. கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பின்னரே எண்ணெயிடல் வேண்டும். துரை பங்களாவின் அலுமாரியில் தோலுறையோடு கிடந்த கருவி மேலும் கெடும். தோலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

இவையெல்லாம் நேராயின், எஞ்சுவது கை. ஆறு அறைகளுள் ஒன்றில் வெற்றுத் தோட்டாவைப் பிறரொருவர் ஒளித்திடச் செய்து சுடுக. வெற்றறையின்மேற் குதிரை விழும்போது குழல்முனை கீழே குனியின், வெடியோசைக்கு அஞ்சிய கை முன்கூட்டியே துள்ளுகின்றது என்பது வெளிப்படை.

கையின் பிழை எத்துணை பெரிதென்பதை முற்கூறிய விகிதமே காட்டும். முன்குறி ஓரங்குலத்திற் பத்திலொரு பங்கு விலகினால், 25 யாரில் குண்டு ஏறத்தாழ 13 அங்குலம் விலகும். கூட்டத்தைக் கலைக்கக் காலை நோக்கிச் சுட்டால் உயிர்ச்சேதம் நேராது என்ற பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். முழங்காலுக்கும் அடிவயிற்றுக்கும் இடையே உள்ள தொலைவு அப்பதின்மூன்று அங்குலத்தைவிட எவ்வளவு அதிகம்? நீண்ட குழலுடைய துப்பாக்கியில் இவ்விலகல் குறையுமேயன்றி இல்லாமற் போவதில்லை. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் மாண்டார். 1977 மே மாதத்தில், காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தின்போது டெவன் தோட்டத்திற் சிவனு லட்சுமணன் மாண்டார். தோட்ட மக்களுக்குத் துப்பாக்கியின் குறிபிழைப்பு வெறும் பொறியியற் கணக்கன்று.

பழுதுபார்ப்பைப் பற்றி ஒரு சொல். இலங்கையில் இவற்றை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். உரிமமின்றி இத்தகைய கருவியை வைத்திருத்தல் குற்றமாகும். நோயறிதல் யாவர்க்கும் ஆகும். அரம் பிடித்தலை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியனிடமே விடுதல் வேண்டும். அவனிடம் போகும்போது அறை இலக்கமிட்ட அந்தத் தாளையும் உடன்கொண்டு செல்க.