புழுவுக்கு இலை வேண்டும்

ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015இல் திறக்கப்பட்டது. சுமார் 25 ஏக்கர் பரப்புள்ள இந்த இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியிருக்கின்றன. குழந்தைகளோடு வருகிறவர்கள் பூச்செடிகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அவர்களை வேலியோரம் அழைத்துப்போய் எருக்கஞ்செடியைக் காட்டத்தான் ஆசைப்படுவேன்.

பூந்தேன் வளர்ந்த பூச்சிக்கு உணவு. அதன் புழுவுக்கோ இலை வேண்டும், அதுவும் குறிப்பிட்ட இலை. வெந்தய வரியன் எருக்கைத் தேடி முட்டையிடுகிறது. கறிவேப்பிலை அழகிக்குக் கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம். சிவப்புடல் அழகிக்கு ஆடுதீண்டாப்பாளைக் கொடி. அந்தந்தச் செடி இல்லாத ஊரில் எத்தனை பூ பூத்தாலும் அந்தப் பூச்சி குடும்பம் நடத்தாது.

ஆடுதீண்டாப்பாளையின் கதை தனியானது. அதன் இலையில் நஞ்சு உண்டு. ஆடு மாடுகள் ஒதுக்கும் அந்த இலையைச் சிவப்புடல் அழகியின் புழு தின்று, நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. இறக்கை முளைத்த பின்னும் அது உடம்பிலேயே தங்குகிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்டே வருவதில்லை. இந்தப் பாதுகாப்பில் கறிவேப்பிலை அழகியும் பங்கு கேட்கிறது. அதன் பெண்களில் ஒரு சாரார் சிவப்புடல் அழகியின் இறக்கை வண்ணத்தையே போர்த்தியிருப்பார்கள். உடலில் நஞ்சு கிடையாது, வேடம் மட்டும்தான். உடம்பைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: நஞ்சுள்ளதற்குச் சிவப்பு, வேடக்காரிக்குக் கறுப்பு.

இப்படி வேடமிடும் வழக்கத்தை முதலில் விளக்கியவர் ஹென்றி பேட்ஸ். 1848 முதல் பதினோரு ஆண்டுகள் அமேசான் காட்டில் பூச்சி சேகரித்த ஆங்கிலேயர். 1862இல் அவர் எழுதிய கட்டுரை டார்வினுக்குப் பெரிய துணையாக அமைந்தது. பெங்களூரு ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டேயும் அமெரிக்க அறிஞர்களும் 2014இல் இதற்கு மரபியல் விளக்கம் தந்தார்கள். பூச்சிகளில் ஆண் பெண் வேறுபாட்டை உருவாக்கும் ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒற்றை மரபணுதான் கறிவேப்பிலை அழகியின் வேடத்தையும் தீர்மானிக்கிறது. அமேசானில் எழுந்த கேள்விக்கு நம் வீட்டுக் கறிவேப்பிலை மரத்துப் பூச்சியிடம் விடை கிடைத்தது என்பதில் எனக்குத் தீராத வியப்பு.

வெப்பமண்டலக் காடு என்றதும் நம் மனத்தில் அமேசான்தான் வருகிறது. திருச்சியைச் சுற்றியுள்ள வன்னி, காரை, கிளுவைப் புதர்களும் வெப்பமண்டலக் காடுதான், வறண்ட வகை. ஆனால் கணக்கில் அதற்குப் பெயர் தரிசு. மனை போடும்போது முதலில் ‘சுத்தம்’ செய்யப்படுவதும் அதுதான். உலகெங்கும் இதே கதி. கோஸ்டாரிக்காவின் குவானகாஸ்தே பகுதியில் புழுக்களையும் அவற்றின் இலைகளையும் ஆண்டாண்டு காலமாக ஆராய்ந்த டேனியல் ஜான்சன், வெப்பமண்டலத்தில் மிகவும் ஆபத்தில் இருப்பது வறண்ட காடே என்று 1988இல் எழுதினார். மத்திய அமெரிக்காவில் அது நூற்றுக்கு இரண்டு பங்குகூட முழுமையாக எஞ்சவில்லை. அங்கே மேய்ச்சலுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த புல், கோடைதோறும் தீப்பற்றி மரக்கன்றுகளைக் கொன்றது. தீயைத் தடுத்ததும் காற்றும் பறவைகளும் கொண்டுவந்த விதைகளிலிருந்து காடு திரும்ப எழத் தொடங்கியது.

நம் பகுதியில் எந்தச் செடி எங்கே இருந்தது என்பதற்குத் திருச்சியிலேயே ஆவணம் உண்டு. தூய வளனார் கல்லூரியில் ராபினட் தாவரத் தொகுப்பகத்தை உருவாக்கிய பாதிரியார் கே.எம். மேத்யூ, தமிழ்நாட்டின் நடு மாவட்டங்களிலுள்ள சமவெளிகளையும் குன்றுகளையும் சல்லடையிட்டு, 1981 முதல் 1983 வரை அவற்றின் தாவரங்களைப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். பூங்கா அமைக்க விரும்பும் எந்த ஊராட்சியும், நர்சரியில் அலங்காரச் செடி வாங்கப் புறப்படுமுன் அந்தப் பட்டியலைத்தான் புரட்ட வேண்டும்.

வீட்டுத் தொட்டியில் கறிவேப்பிலை இருந்தால் இன்றே பாருங்கள். காக்கை எச்சம்போல ஒன்று இலையில் ஒட்டியிருக்கலாம். அது கறிவேப்பிலை அழகியின் இளம்புழு. சில நாளில் பச்சை நிறமாகும், தொட்டால் தலையருகே செந்நிறக் கொம்பை நீட்டி நாற்றம் வீசும். நாலு கொத்து இலை போகும். மருந்து அடிக்காதீர்கள், கூடு கட்டும்வரை அதைத் தின்ன விடுங்கள்.