கதையில் நாம் நிற்கும் இடம்

அருளுரையில் கதை ஒரு துணைப்பொருளே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கோட்பாட்டை முதலில் நிறுவுகிறோம். கேட்போர் அயர்ந்துவிடாதபடி இடையே ஒரு கதை சொல்கிறோம். பின்பு அதன் பாடத்தை எடுத்துக்கொண்டு கதையை உமியாக ஊதிவிடுகிறோம். திருமறை கதையை இவ்வாறு நடத்தவில்லை. முதற்பலனைக் கொண்டுவந்த இஸ்ரவேலன் (உபா. 26:5-9) கடவுளின் பண்புகளை அடுக்கிக் கூறவில்லை, தன் முற்பிதாவின் வரலாற்றைச் சொன்னான். 'தகப்பன்' என்று தொடங்கும் அவ்வறிக்கை எகிப்தை எட்டியபின் 'நாங்கள்' என்று மாறிவிடுகிறது. சொல்பவன் கதைக்குள் போய்விட்டான். அதுவே அவனது விசுவாச அறிக்கை.

ஆகவே, கேட்பவர் கதைக்குள் எங்கே நிற்கிறார் என்பதே முதன்மையான வினா. நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையைத் (2 சாமு. 12) தாவீது நியாயாதிபதியாக நின்று கேட்டுத் தீர்ப்பும் அளித்தான். தன் இடம் குற்றவாளியின் இடம் என்பதை அதன்பின்னரே அறிந்தான்.

லூக்கா 10ஆம் அதிகாரத்தை விளக்கும்போது நாம் பெரும்பாலும் தவறான இடத்தில் நிற்கிறோம். 'நல்ல சமாரியன்' என்கிறோம். 'நல்ல' என்னும் அடைமொழி மூலத்தில் இல்லை. அக்காலக் கேட்போருக்கு அவ்விரு சொற்களும் சேர்ந்து ஒலித்திரா. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூத ஆட்சியாளர் யோவான் இர்க்கானு கெரிசீம் மலையிலிருந்த சமாரியரின் ஆலயத்தை அழித்தார். முந்தின அதிகாரத்திலேயே இயேசுவை ஏற்க மறுத்த சமாரியர் கிராமத்தின்மீது அக்கினி விழவேண்டுமென யாக்கோபும் யோவானும் விரும்பினர். ஆசாரியனும் லேவியனும் விலகிச் சென்றபின், மூன்றாவதாக ஓர் எளிய இஸ்ரவேலன் வருவான் என்றே கேட்போர் எதிர்பார்த்திருப்பர். வந்தவனோ சமாரியன். அவர்கள் நிற்பதற்கு எஞ்சிய இடம், குற்றுயிராய்க் கிடப்பவனின் இடம் ஒன்றே.

அகுஸ்தீன் இக்கதையை உருவகமாக விரித்தார்: விழுந்தவன் ஆதாம், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் பவுல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூலிக்கர் இம்முறையைக் கண்டித்து, உவமைக்கு மையக்கருத்து ஒன்றே என்றார். கண்டனம் தேவையானதே. ஆயினும் கருத்து கிடைத்தபின் கதை எதற்கு என்னும் நிலைக்கு நம்மைக் கொண்டுவந்ததும் அதுவே. அகுஸ்தீனோ, சத்திரக்காரனைப் பற்றி எதைச் சொல்லியிருப்பினும், கேட்போரைக் காயம்பட்டவனின் இடத்தில் சரியாகவே கிடத்தினார்.

நம் சபைகளில் சமாரியனின் இடத்தில் யாரை வைப்பது? கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் ஊர்கள் இன்றும் உள்ளன. அங்கே வழியில் கிடப்பவனை மேல்தெருக்காரனாகவும், அவனைத் தூக்கி எடுப்பவனை அவன் தன் திண்ணையில் அமரவிடாத ஒருவனாகவும் வைத்துச் சொன்னால் முன்வரிசையில் முகங்கள் இறுகும். உடனே ஒரு விளக்கவுரை தந்து அதனைத் தணிக்கும் ஆசை போதகருக்கு எழும். நாமும் பிறருக்கு உதவுவோம் என்று முடித்துவிட்டால் எவருக்கும் மனத்தாங்கல் இராது. நீயும் அவ்வாறே செய் என்ற கட்டளை கதையின் இறுதியில் உண்டே எனலாம். உண்டு; ஆனால் அதற்குமுன் ஆண்டவர் ஒரு வினாவை எழுப்பி விடைக்குக் காத்திருந்தார். நியாயசாஸ்திரி சரியான விடையையே அளித்தார். இரக்கம் காட்டியவன் என்று சொன்னார். சமாரியன் என்னும் பெயரை மட்டும் அவர் நா உச்சரிக்கவில்லை.