காற்றிலும் சுழி உண்டு

தெப்ராவ் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எவருக்கும் இந்த அனுபவம் இருக்கும். சாலையின் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருப்போம். கொள்கலன் ஏற்றிய பெரிய லோரி ஒன்று வலப்பக்கமாக நம்மை முந்தும். அதன் முகப்பு நம்மை நெருங்கும்போது ஏதோ ஒன்று நம்மை ஓரத்துக்குத் தள்ளும். அடுத்த கணமே லோரியின் பக்கமாக இழுக்கும். லோரி கடந்து போனதும் வண்டி இடமும் வலமுமாக ஆடும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எல்லாம் அடங்கிவிடும்.

கடந்த ஆண்டு விடுமுறையில் வீடு திரும்பும்போது எனக்கு அப்படித்தான் நடந்தது. விழவில்லை; ஆனால் வீட்டை அடைந்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "காத்து தள்ளும்னு தெரியும். காத்து எப்படிப்பா இழுக்கும்?" என்று கேட்டார். இயந்திரவியல் பொறியியல் படிக்கும் எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பாய்ம இயக்கவியல் தேர்வில் தேறியவன்தான் நான். ஆனால் படித்ததெல்லாம் சமன்பாடுகளாக, வேறு மொழியில் இருந்தது. அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல ஒரு வாக்கியம்கூட வரவில்லை. அருகிலிருந்த அப்பாதான், "ஆத்துல கல்லுக்குப் பின்னால தண்ணி சுத்துமே, அந்த மாதிரிதான் இருக்கும்" என்றார். தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். அவர் சொன்னது சரி. எவ்வளவு சரி என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

ஆற்றில் தொடங்குவோம்

நம் வட்டாரத்துக்குத் தெப்ராவ் என்ற பெயரைப் பகிர்ந்துகொள்ளும் ஆறு ஒன்று இருக்கிறது. அது கலக்கும் நீரிணையையும் மலாய் மொழியில் தெப்ராவ் நீரிணை என்றே அழைக்கிறார்கள். ஓடும் நீரில் நட்டிருக்கும் ஒரு கம்பத்தைச் சிறிது நேரம் கவனியுங்கள். கம்பத்துக்கு முன்னால் நீர் அமைதியாகப் பிரிகிறது. பின்னால் அமைதி இல்லை. இடப்பக்கம் ஒரு சிறு சுழி தோன்றி நீரோட்டத்தோடு போகிறது. அடுத்து வலப்பக்கம் ஒன்று, மீண்டும் இடப்பக்கம் ஒன்று. நடந்து போனவரின் காலடித் தடங்களைப்போல் அவை இரண்டு வரிசைகளாக நீள்கின்றன.

இது ஏன் நடக்கிறது? நீருக்கும் காற்றுக்கும் சிறிதளவு பாகுத்தன்மை உண்டு. அதனால் கம்பத்தை ஒட்டிய மெல்லிய படலம் ஒன்று வேகம் குறைந்து நகர்கிறது. இதை எல்லைப் படலம் என்கிறோம். 1904-இல் இந்தக் கருத்தை முன்வைத்தவர் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டல். வேகம் குறைந்த இந்தப் படலத்தால் கம்பத்தின் வளைவைப் பின்பக்கம் வரை தொடர முடிவதில்லை. ஓரிடத்தில் கம்பத்தைவிட்டு விலகிவிடுகிறது. விலகிய மெதுவான நீருக்கும் அதற்கு வெளியே ஓடும் வேகமான நீருக்கும் இடையில் சுருண்டுகொள்வதே சுழி.

நின்றுபோகாத ஆட்டம்

1911-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பிராண்டலின் மாணவர் கார்ல் ஹீமென்ஸ் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். ஓடும் நீரில் ஓர் உருளையை வைத்து, அதைச் சுற்றியுள்ள அழுத்தத்தை அளப்பது அவருடைய வேலை. ஆனால் உருளைக்குப் பின்னால் இருந்த நீர் ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமாக இல்லை என்று எண்ணி அதைத் திருத்தினார்கள், ஆட்டம் நிற்கவில்லை. நீர்த்தொட்டியைச் சரிசெய்தார்கள், அப்போதும் நிற்கவில்லை.

அங்கு உதவியாளராக இருந்த தியோடர் வான் கார்மன் என்ற இளைஞர், நாள்தோறும் ஹீமென்ஸிடம் ஆட்டம் நின்றதா என்று விசாரிப்பாராம். இல்லை என்ற பதிலே வரும். இவ்வளவு திருத்தியும் நிற்கவில்லை என்றால் பிழை கருவியில் இருக்க முடியாது, அது நீரின் இயல்பாகத்தான் இருக்கவேண்டும் என்று கார்மன் முடிவு செய்தார். இரு வரிசைச் சுழிகள் மாறி மாறி அமைந்தால் மட்டுமே அந்த அமைப்பு நிலைத்திருக்க முடியும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அத்தகைய சுழிகளை பிரான்சு நாட்டின் ஆன்றி பெனார் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கண்டு பதிவு செய்திருந்தார். என்றாலும் கார்மனின் பெயரே நிலைத்துவிட்டது. இன்று இதனைக் கார்மன் சுழல் வரிசை என்கிறோம்.

சோதனையில் வந்த 'தொல்லை'தான் கண்டுபிடிப்பாக மாறியது. ஆய்வுக்கூடத்தில் கணக்கு ஒத்துவராமல் தவிக்கும் நம் மாணவ நண்பர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

எளிய கணக்கு

சுழிகளை எண்ணவும் முடியும். செக் நாட்டு இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹல் காற்றில் கம்பிகள் எழுப்பும் ஓசையை ஆராய்ந்து 1878-இல் ஒரு தொடர்பைக் கண்டார். உருளைகளுக்கு அந்த விதி இன்று இப்படிச் சொல்லப்படுகிறது: ஓட்டத்தின் வேகத்தை 0.2-ஆல் பெருக்கி, உருளையின் விட்டத்தால் வகுத்தால், ஒரு வினாடிக்கு எத்தனை சோடிச் சுழிகள் உருவாகும் என்பது தெரியும்.

10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கம்பம், வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் என்று வைத்துக்கொள்வோம். விடை 1. அதாவது வினாடிக்கு ஒரு சோடி: இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று. ஓர் இலையை மிதக்கவிட்டு நீரின் வேகத்தை அளந்தால், கைக்கடிகாரத்தைக் கொண்டே இதைச் சரிபார்த்துவிடலாம். இனி 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள விளக்குக் கம்பத்தை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் சுழிகள் வினாடிக்கு 10 சோடி. கண்ணுக்குத் தெரியாது என்பதைத் தவிர, ஆற்றுக்கும் காற்றுக்கும் விதி ஒன்றுதான்.

கட்டடங்கள் ஆடும்போது

ஒவ்வொரு சுழியும் விலகும்போது கம்பத்தைப் பக்கவாட்டில் சிறிது இழுக்கிறது. இடம், வலம் என்று இந்த இழுப்பு மாறி மாறி வருகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் ஆட்டம் பெரிதாவதுபோல, சுழிகளின் எண்ணிக்கையும் கட்டுமானத்தின் இயல்பான அதிர்வெண்ணும் ஒத்துப்போனால் அதிர்வு வளரும். உயரமான புகைபோக்கிகளுக்கு இது பெரும் ஆபத்து. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஸ்க்ரூட்டன் 1950-களில் இதற்கு ஒரு வழி காட்டினார். புகைபோக்கியின் மேற்பகுதியில் திருகுபோல் தகடுகளைச் சுற்றிவிட்டால், சுழிகள் எல்லா உயரத்திலும் ஒரே நேரத்தில் விலகாது; அவற்றின் இழுப்பு ஒன்றுசேராது. பாசீர் கூடாங் போன்ற தொழிற்பேட்டைகளின் வழியாகப் போகும்போது அத்தகைய புகைபோக்கியைக் கண்டால், அது அலங்காரம் அல்ல என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சில கார்களின் வானொலிக் கம்பியில் சுற்றியிருக்கும் இழையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களுக்கும் இதில் பங்குண்டு. 41, 42-ஆம் மாடிகளில் கோபுரங்களை இணைக்கும் பாலத்தைச் சாய்ந்த நீண்ட கால்கள் தாங்குகின்றன. உருளை வடிவிலான அந்தக் கால்களைச் சுழிகள் அதிரவைக்கக்கூடும் என்பதால், அதிர்வை அடக்கும் எடைகளை அவற்றுக்குள் பொருத்தியிருக்கிறார்கள். படம் எடுத்துக்கொள்ளும் பலருக்கு அந்த எடைகள் இருப்பது தெரியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அமெரிக்காவின் டக்கோமா நேரோஸ் பாலம் 1940 நவம்பர் 7-ஆம் நாள் காற்றில் முறுக்கிக்கொண்டு இடிந்தது. கார்மன் சுழல் வரிசையோடு பாலம் ஒத்ததிர்ந்ததே காரணம் என்று பல பாடநூல்கள் எழுதின. அது சரியன்று. அன்றைய காற்றில் அத்தகைய சுழிகள் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு முறை உருவாகியிருக்கும். பாலமோ ஐந்து வினாடிக்கு ஒரு முறைதான் முறுக்கியது. பாலத்தின் அசைவே காற்றோட்டத்தை மாற்றியது. மாறிய காற்று அந்த அசைவை மேலும் வளர்த்தது. பில்லா, ஸ்கன்லன் ஆகிய இருவரும் 1991-இல் இதை விளக்கி எழுதினர். எல்லா ஆட்டத்துக்கும் ஒரே காரணம் சொல்லிவிடக் கூடாது.

விமானம் விட்டுச் செல்லும் சுழி

இறக்கையின் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால்தான் விமானம் பறக்கிறது. ஆனால் இறக்கையின் நுனியில் கீழ்க்காற்று மேல்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஏறும். இப்படி இரு நுனிகளிலிருந்தும் இரண்டு நீண்ட சுழல்கள் விமானத்துக்குப் பின்னால் நீள்கின்றன. விமானத்தின் எடை கூடினால் சுழலின் வலிமையும் கூடும். வேகம் குறைந்தாலும் கூடும். ஆகவே கனமான விமானம் மெதுவாகத் தரையிறங்கும் வேளையே மிக ஆபத்தானது.

1972 மே 30-ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டிசி-10 என்ற பெரிய விமானத்துக்குப் பின்னால் இறங்கிய டிசி-9 பயிற்சி விமானம் அத்தகைய சுழலில் சிக்கிக் கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் இறந்தனர். அதன்பின் விமானங்களுக்கிடையே விடவேண்டிய இடைவெளியைப் பற்றிய விதிகள் கடுமையாயின. ஏ380 போன்ற மாபெரும் விமானத்துக்குப் பின்னால் வரும் சிறிய விமானம் 8 கடல் மைல் தள்ளி வரவேண்டும் என்பது அனைத்துலக விதி. சாங்கிக்கோ செனாய்க்கோ இறங்கவரும் விமானங்கள் வானத்தில் வரிசை பிடித்து, இடைவெளி விட்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நமக்கு அருகில் ஓர் ஆய்வு

சுழி எப்போதும் பகையன்று. முக்கோணச் சிறகுடைய விமானம் மூக்கை உயர்த்திப் பறக்கும்போது, சிறகின் முன்விளிம்பிலிருந்து இரண்டு சுழல்கள் எழுந்து சிறகின் மேல் தவழ்கின்றன. சுழலின் மையத்தில் அழுத்தம் குறைவு. ஆகவே அது சிறகை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. கொன்கார்ட் விமானம் இந்தக் கூடுதல் தூக்குவிசையை நம்பித்தான் தரையிறங்கியது.

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்குள்ள காற்றுச் சுரங்கத்தின் சோதனை அறை 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உடையது. அதில் வினாடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர் வேகம் வரை காற்றைச் செலுத்தலாம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, 65 பாகை பின்சாய்ந்த முக்கோணச் சிறகு. பல நாட்டு ஆய்வாளர்கள் பொதுவாகப் பயன்படுத்திய வடிவம் அது.

கேள்வி இதுதான்: முன்விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருந்தால் சுழல் சிறகின் நுனியிலிருந்தே தொடங்கும். விளிம்பு மழுங்கலாக இருந்தால் எங்கே தொடங்கும்? விடை எளிதன்று. சுழல் நுனியில் தொடங்காமல் சற்றுப் பின்னால் தொடங்குகிறது. சிறகை மேலும் உயர்த்தினால் தொடங்கும் இடம் முன்னோக்கி நகர்கிறது. காற்றின் வேகம் மாறினாலும், விளிம்பின் மழுங்கல் மாறினாலும் அந்த இடம் மாறுகிறது. உண்மையான விமானங்களின் விளிம்புகள் பெரும்பாலும் மழுங்கலானவை என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது. வீட்டிலிருந்து புறப்பட்டால் விரைவில் போய்ச் சேர்ந்துவிடும் ஓரிடத்தில் இப்படியொரு ஆய்வு நடந்தது என்பதே எனக்கு மகிழ்ச்சியளிக்கிறது.

மீண்டும் நெடுஞ்சாலைக்கு

இப்போது அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். லோரியின் தட்டையான முகப்பு காற்றை அழுத்தி இருபுறமும் ஒதுக்குகிறது. நம்மை ஓரத்துக்குத் தள்ளுவது அதுதான். ஒதுக்கப்பட்ட காற்று லோரியின் பக்கவாட்டில் வேகமாக ஓடுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. நம் மறுபக்கத்தில் உள்ள காற்றின் அழுத்தம் குறையவில்லை. ஆகவே மறுபக்கத்துக் காற்று நம்மை லோரியை நோக்கித் தள்ளுகிறது. காற்று இழுப்பதில்லை அம்மா; எப்போதும் தள்ளத்தான் செய்கிறது. எந்தப் பக்கம் அதிகமாகத் தள்ளுகிறது என்பதுதான் மாறுகிறது.

லோரி கடந்தபின் வரும் ஆட்டம், அப்பா சொன்ன கல்லுக்குப் பின்னால் சுற்றும் தண்ணீர். லோரியின் அகலம் 2.5 மீட்டர், வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்று கொண்டு மேலே சொன்ன விதியைத் தோராயமாகப் பயன்படுத்தினால், வினாடிக்கு இரண்டு முறை அளவில் காற்று ஆடும். கைப்பிடியில் நாம் உணர்வது ஏறத்தாழ அந்தத் தாளத்தைத்தான். காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி கூடும். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்காகும்.

நாள்தோறும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் தாம்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்குச் சமன்பாடுகள் வேண்டாம். மூன்று செய்திகள் போதும். பெரிய லோரி முந்தும்போது பக்கவாட்டில் இயன்ற அளவு இடைவெளி விடுங்கள். முதலில் தள்ளும், பிறகு இழுப்பதுபோல் இருக்கும் என்பதை எதிர்பார்த்திருங்கள். தள்ளும்போது கைப்பிடியைப் பெரிதாகத் திருப்பிவிட்டால் அடுத்த கணம் அதுவே உங்களை லோரியின் பக்கம் கொண்டுபோகும். காற்றுத் தடை குறைகிறதே என்று லோரியின் வாலை ஒட்டி ஓட்டாதீர்கள். சுழிகள் இருப்பது அங்கேதான்.

இதை அம்மாவிடம் சொல்லி முடித்தபோது அவர், "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம். அதற்கு எனக்கு மூன்று ஆண்டுப் படிப்பும், அப்பாவின் ஒரு வாக்கியமும், சுழி என்ற நம் பழைய சொல்லும் தேவைப்பட்டன. நம் கழகத்து நண்பர்கள் ஒவ்வொருவரும் தாம் படிக்கும் துறையிலிருந்து ஒரே ஒரு செய்தியை வீட்டில் தமிழில் விளக்கிப் பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். விளக்க முடியாத இடத்தில்தான் நாம் இன்னும் படிக்கவேண்டியது இருக்கிறது.